ஃபேனை நிறுத்தச் சொன்ன பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினொரு வயது. "முன்னெல்லாம் வளவுல ஒரு எடத்துல நிக்க மாட்டா டாக்டர். இப்ப பள்ளிக்கூடம் விட்டு வந்தா சுருண்டு படுத்துக்கிறா. வாத்தியாரு மந்தம்ங்கிறாக. நானும் சோம்பேறின்னு ஏசிப்புட்டேன்."

அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்: "ஃபேனை நிறுத்துறீகளா?" வெளியே கொளுத்தும் சித்திரை வெயில். போன வருஷம் தைத்த சீருடைப் பாவாடை இன்னும் அளவாகவே இருந்தது. உயரம் கூடவில்லை, எடை கூடியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். தைராய்டு குறைவு, அதாவது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை.

"அயோடின் உப்புத்தானே போடுறோம்" என்றார் ஆச்சி. நியாயமான கேள்வி. அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையை ஒழிக்க 1962-லேயே நம் நாட்டில் திட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்று அதிகம் பார்ப்பது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அழைக்கிறோம். யார் செய்த தப்பும் இல்லை.

சுரப்பு குறைந்தால் உடம்போடு மனசும் மந்தமாகும். அழுகை வரும், படித்தது நிற்காது. கூடினால் நேரெதிர். ஒரு பையனின் நோட்டைப் புரட்டினேன். ஆனியில் முத்து முத்தாக இருந்த எழுத்து ஐப்பசியில் கோணல்மாணல். கை நடுக்கம். தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். வீட்டில் அவனுக்குக் கிடைத்த பெயர் 'அடங்காப்பிடாரி'.

குறைவுக்கு உள்ள மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். பாலோ பலகாரமோ அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி. இரண்டு நாளில் முகம் மலரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அளவு சரிதானா என்று பார்க்கவே ஆறு வாரம் ஆகும். சாதுவாக இருந்த பிள்ளை மருந்து தொடங்கியதும் கொஞ்ச நாள் துறுதுறுவென்று அலையலாம். பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பெண் பிள்ளை என்றால் உடனே, "வெளியில சொல்லிப்புடாதீக, நாளைக்குக் கட்டிக் குடுக்கணும்" என்பார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால் மாத்திரையைச் சேலை மடிப்புக்குள் ஒளித்து எடுத்துப் போகிறார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் தனியாகக் கேட்டாள்: "இது அசிங்கமான வியாதியா டாக்டர்?" சுரப்பி அவளுக்கு அந்த எண்ணத்தைத் தரவில்லை. நாம்தான் தந்தோம். ஒழுங்காக மருந்து எடுத்து, அளவைப் பார்த்துக்கொண்டால் அவள் படிக்கலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். மறைக்க என்ன இருக்கிறது? "என்னத்தா இப்படி ஊதிப்போயிட்டே" என்று பந்தியில் நாலு பேர் முன்னால் கேட்பவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது, "ஃபேனைக் கூட்டி வைங்க" என்றாள். ரத்த அளவும் சரியாகியிருந்தது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். அளவு சரியான பிறகும் வாட்டம் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் காட்ட வேண்டும். அவளை அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ஆச்சி என் முன்னாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு உடம்புக்கு முடியலன்னு தெரியாம ஏசிப்புட்டேன் ஆத்தா" என்றார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தா தோளில் சாய்ந்துகொண்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். வணக்கம்.