ஆணா பெண்ணா: சிக்லிட் மீனைப் புரட்டிப் பார்ப்போம்

நேயர்களுக்கு வணக்கம். மீன் கடையில் "கன்ஃபர்ம் ஜோடி சார்" என்று சொல்லி, தனித்தனியாக இரண்டு வாங்குவதைவிடக் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தும் முட்டை வராது. அல்லது முட்டை வரும், மறுநாளே எல்லாம் கெட்டு வெள்ளையாகிவிடும். இன்றைக்கு அந்தச் சிக்கலைத்தான் பேசப்போகிறேன்.

சிக்லிட் என்றதும் ஏதோ நமக்குச் சம்பந்தமில்லாத மீன் என்று நினைக்காதீர்கள். ஏஞ்சல், ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் மட்டுமல்ல, ஏரியில் பிடித்து விற்கிறார்களே ஜிலேபி, அதுவும் இந்தக் குடும்பம்தான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த ஜிலேபிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

முதலில் நிறம். சில இனங்களில் தாராளமாக நம்பலாம். கன்விக்ட் மீனில் வயிற்றோரம் ஆரஞ்சு நிறம் இருந்தால் பெண். பகட்டெல்லாம் ஆணுக்குத்தான் என்ற நினைப்பு இங்கே செல்லாது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் கென்யி மீனில் வளர்ந்த ஆண் மஞ்சள், பெண் நீலம். ஆனால் குஞ்சுகள் எல்லாமே நீலம். அதோடு, தொட்டியில் ஒரு முரட்டு ஆண் இருந்தால் மற்ற ஆண்கள் நிறம் காட்டாமல் நீலத்திலேயே பதுங்கிக் காலம் தள்ளும். 'ஒரு ஆண், நான்கு பெண்' என்று வாங்கிப்போவீர்கள். அந்தப் பெரிய ஆண் செத்ததும் ஒரு 'பெண்' மஞ்சளாகும்!

மலாவி மீன்களின் அடிப்பக்கத் துடுப்பில், வாலை ஒட்டி, முட்டை போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பெண் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு, அந்தப் புள்ளியையும் முட்டை என்று கவ்வப்போகும். அப்போது ஆணின் விந்து வாய்க்குள் போய்ச் சேரும். 1962-ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் வோல்ஃப்காங் விக்லர் முன்வைத்த விளக்கம் இது. புள்ளி இருந்தாலே ஆண் என்று கடையில் சொல்வார்கள். பல இனங்களில் பெண்ணுக்கும் புள்ளி உண்டு. ஃப்ளவர்ஹார்னின் தலைப் புடைப்பும் அப்படித்தான், பெண்ணுக்கும் வரும்.

சரி, எதைத்தான் நம்புவது? மீனைப் புரட்டி அடிவயிற்றைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், அடிவயிறு. முந்தின நாள் தீனி போடாதீர்கள், இல்லாவிட்டால் கையில் கழிந்துவிடும். மீன் ஏழெட்டு சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை பட்டால் மேல்தோலின் வழவழப்பு போய்ப் புண் பிடிக்கும். மல்லாக்கப் பிடித்தால் இரண்டு துளை தெரியும். தலைப் பக்கம் இருப்பது மலத்துளை. வால் பக்கம் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகவோ, பின்னது சிறுத்துக் கூராகவோ இருந்தால் ஆண். பின்னது பெரிதாக, அகலமாக இருந்தால் பெண். செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, இருபது நொடிக்குள் தண்ணீரில் விட்டுவிடுங்கள். ஒற்றை மீனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே இனத்தில், ஒரே அளவில் நாலைந்தை ஒப்பிட்டால்தான் கண் பழகும்.

கண் பழகுவதற்குத்தான் ஜிலேபி. சந்தையில் அறுக்காத ஜிலேபி ஒரு கிலோ வாங்குங்கள். குளத்தில் வளர்த்தது வேண்டாம். ஆண் வேகமாக வளரும் என்பதால் குஞ்சிலேயே ஹார்மோன் தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கி வளர்ப்பவர்கள் உண்டு. ஏரி ஜிலேபியாகக் கேளுங்கள். துடைத்துவிட்டு, மலத்துளைக்குப் பின்னால் உள்ள இடத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஒரு சொட்டு பஞ்சால் ஒற்றுங்கள். பெண்ணுக்குக் குறுக்கே ஒரு கீற்று நீலமாகத் தெரியும். முட்டை வரும் வழி அது. ஆணுக்குக் கீற்று கிடையாது, நுனியில் ஒரே துளை. இப்போது ஒவ்வொன்றையும் ஆண், பெண் என்று எழுதி வைத்துவிட்டு வயிற்றைக் கீறிப் பாருங்கள். சினை இருக்கிறதா, நீங்கள் எழுதியது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். சாயம் தொட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டுக் குழம்பு வையுங்கள். எந்தப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தராது.

ஏஞ்சலிடம் இதுவும் பலிக்காது. முட்டையிடும் சமயத்தில் வெளியே நீளும் குழலைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து மொண்ணையாக இருக்கும். இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து, இலையைச் சுத்தம் செய்து, முட்டையிட்டு, காவலும் காக்கும். அதனால் 'சேர்ந்து சுற்றுகிறது, ஜோடி' என்பது சாட்சியே இல்லை. முட்டை வெளுத்தால் உடனே இரண்டும் பெண் என்றும் முடிவு கட்டாதீர்கள். அனுபவமில்லாத ஆணும் காரணமாகலாம். ஆறு குஞ்சுகளாக வாங்கி வளர்த்து, தானாகச் சேரும் ஜோடியைப் பிரித்தெடுத்து, குழலையும் பாருங்கள். டிஸ்கஸ் என்ற சிக்லிட்டுக்கும் இதே வழிதான்.

வெப்பநிலை பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது. சுருக்கமாக: அபிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட் மீன்களில் குஞ்சுப் பருவச் சூடே பாலினத்தை மாற்றும். 1996-ல் வெளிவந்த ஆய்வில் 37 இனங்களைப் பார்த்ததில் 33-ல் அப்படி. சூடு கூடினால் ஆண்கள் அதிகம். கிரிபென்சிஸ் என்ற இன்னொரு சிக்லிட்டுக்குத் தண்ணீரின் அமிலத்தன்மை கூடினால் ஆண்கள் அதிகம். குஞ்சுகள் எல்லாம் ஆணாகவோ பெண்ணாகவோ ஒரே பக்கமாக வந்தால் ஹீட்டரையும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பாருங்கள். வணக்கம்.