நைஜீரியாவின் என்.ஒய்.எஸ்.சி. முகாம்: 21 நாள் எப்படிப் போகிறது?

[காட்சி: இருட்டு. தூரத்தில் பியூகிள் சத்தம்.]

பொழுது இன்னும் விடியவில்லை. பியூகிள் ஊதி முடிப்பதற்குள் ராணுவ வீரர்கள் விடுதி வாசலில் நின்று விசிலடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டடுக்குக் கட்டில்களிலிருந்து அரைத் தூக்கத்தில் குதிப்பவர்கள் சிப்பாய்கள் இல்லை. கணக்கியலும் மருந்தியலும் நாடகமும் படித்து முடித்த பட்டதாரிகள். வெள்ளை டீ-ஷர்ட், வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. மைதானத்துக்கு நடந்து வந்தால் திட்டு விழும், ஓடித்தான் வர வேண்டும்.

இதுதான் நைஜீரியாவின் தேசிய இளைஞர் சேவைப் படை, சுருக்கமாக என்.ஒய்.எஸ்.சி. ஒரு வருடக் கட்டாய சேவை. அதன் முதல் மூன்று வாரம் இந்த முகாம்.

[காட்சி: நைஜீரிய வரைபடம்.]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் பியாஃப்ரா போர் நடந்தது. ஒரே நாட்டு மக்கள் ஒருவரையொருவர் கொன்ற போர். அது முடிந்து மூன்று வருடம் கழித்து, 1973 மே 22 அன்று, ஜெனரல் யகூபு கோவன் அரசு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. படித்த பிள்ளைகளைச் சொந்த மாநிலத்திலிருந்து பெயர்த்து, பழக்கமில்லாத இன்னொரு மாநிலத்தில் ஒரு வருடம் வாழவைத்தால் பகை குறையும் என்பது கணக்கு. 30 வயதுக்குள் பட்டம் வாங்கியவர்கள் போயாக வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு.

போகாமல் டிமிக்கி கொடுத்தால்? அரசு வேலைக்குப் போனால் சேவை முடித்த சான்றிதழையோ விலக்குச் சான்றிதழையோதான் முதலில் கேட்பார்கள். 2018-ல் நிதியமைச்சராக இருந்த கெமி அடியோசன் பதவி விலகியதே, அவருடைய விலக்குச் சான்றிதழ் போலி என்று தெரியவந்த பிறகுதான்.

[காட்சி: முகாம் வாசல், பெட்டி படுக்கையோடு நீண்ட வரிசை.]

சரி, முகாமுக்குள் போவோம். முதல் நாள் முழுக்க வரிசைதான். வாசலில் பெட்டியைக் கிளறிப் பார்க்கிறார்கள். அப்புறம் அழைப்புக் கடிதம், தேர்வு முடிவு, கல்லூரி அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழ் என்று மேசைக்கு மேசை நகர வேண்டும். வெயிலில் நிற்கும்போது முன்னால் நிற்பவரிடம் பேனா கடன் கேட்பதில்தான் பல நட்புகள் தொடங்குகின்றன.

வரிசையின் முடிவில் ஒரு எண் கிடைக்கும். மாநிலக் குறியீடு, வருடம், பிரிவு, கடைசியில் உங்கள் வரிசை எண். முகாமில் மொத்தம் 10 பிளாட்டூன்கள், அதாவது குழுக்கள். நீங்கள் எந்த பிளாட்டூன் என்பதை உங்கள் எண்ணின் கடைசி இலக்கம் முடிவு செய்கிறது. 3-ல் முடிந்தால் மூன்றாவது பிளாட்டூன், பூஜ்யத்தில் முடிந்தால் பத்தாவது. உங்கள் இனம் யோருபாவா, இக்போவா, ஹவுசாவா, பள்ளிவாசலா, தேவாலயமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரே கல்லூரியிலிருந்து ஒன்றாக வந்த நாலு தோழிகள் நாலு பிளாட்டூனுக்குப் பிரிந்துபோவார்கள். தேச ஒற்றுமை பற்றி மேடையில் எத்தனை மணி நேரம் பேசினாலும், இந்த ஒற்றை இலக்கம் செய்கிற வேலையை அந்தப் பேச்சு செய்யாது என்பது என் கருத்து.

அடுத்து சீருடை. காக்கி கால்சட்டை, காக்கி மேல்சட்டை, தொப்பி, பெல்ட், கனமான பூட்ஸ். அளவு பெரும்பாலும் பொருந்தாது. அரை மணி நேரத்தில் விடுதி சந்தைக்கடை ஆகிவிடும். "எனக்கு எட்டு வேணும், பத்து இருக்கு, யாருக்கு வேணும்?" பூட்ஸ் கைமாறுகிறது. காக்கியோ தையல்காரரிடம் போகிறது. எல்லோருக்கும் இது விளையாட்டு இல்லை. 2019-ல் எபோனி மாநில முகாமில், மத நம்பிக்கை காரணமாகக் கால்சட்டைக்குப் பதில் பாவாடைதான் அணிவோம் என்ற பெண்களை முகாமை விட்டே அனுப்பினார்கள். ஒற்றுமைக்கு ஒரே உடை போதுமா என்ற வாதம் அப்போது நாடு முழுக்கக் கேட்டது.

[காட்சி: அணிவகுப்பு.]

தினசரி அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான். விடியலில் பிரார்த்தனை, கீதம், உடற்பயிற்சி. பிறகு காலை உணவு. பகலில் சொற்பொழிவுகள், கைத்தொழில் வகுப்புகள். மாலையில் அணிவகுப்புப் பயிற்சி, இரவில் பிளாட்டூன்களுக்குள் நாடகம், நடனம், அழகிப் போட்டி. பத்து மணிக்கு விளக்கணைப்பு. சொற்பொழிவு மண்டபத்தில் உட்கார்ந்தபடியே தூங்கும் கலையில் எல்லோரும் சீக்கிரமே தேறிவிடுவார்கள். முதல் வாரத்திலேயே மாநில ஆளுநரோ அவருடைய பிரதிநிதியோ வந்து உறுதிமொழி ஏற்பு விழா நடக்கும். அதற்காகத்தான் அந்த அணிவகுப்புப் பாடு.

இன்னொரு பக்கம் 'மேன் ஓ வார்' பயிற்சி. கயிற்றில் தொங்கிக் கடப்பது, சுவரேறுவது, பாட்டுப் பாடிக்கொண்டே ஓடுவது. முகாமுக்கென்று சொந்த வானொலியும் உண்டு. கார்ப்பர்களே நடத்துவது. தொலைந்த அடையாள அட்டை அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, கொஞ்சம் கிசுகிசு. கார்ப்பர் என்றால் படை உறுப்பினர். புதிதாக வந்தவருக்கு 'ஒட்டோண்டோ' என்று கேலிப் பெயர்.

[காட்சி: மம்மி மார்க்கெட், மாலை வெளிச்சம்.]

இப்போது முகாமின் உண்மையான மையத்துக்கு வருவோம். பெயர் மம்மி மார்க்கெட். நைஜீரியாவில் ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய கடைத்தெருவுக்கும் இதே பெயர்தான். முகாம் சமையலறையில் அட்டையைக் காட்டினால் ரொட்டியும் தேநீரும், அவித்த பீன்ஸும், சோறும் இலவசம். அதைக் குறை சொல்லாத கார்ப்பர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பிளாட்டூனும் முறை வைத்துச் சமையலறை வேலை செய்ய வேண்டும். மலைபோல் குவிந்த யாம் கிழங்கைத் தோல் சீவி, ஆளுயரக் கரண்டியால் அண்டாவைக் கிளறிய பிறகு, குறை சொல்கிற குரல் ஒரு நாளாவது அடங்கும்.

அந்தச் சாப்பாடு பிடிக்காதவர்கள் கையில் காசோடு மம்மி மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். ஜொலோஃப் சோறு, மிளகு சூப், தணலில் சுட்ட சுயா இறைச்சி. ஒரு தகரக் கொட்டகையில் எக்ஸ்டென்ஷன் போர்டுகள் வரிசையாக மின்ன, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து போன்கள் தொங்குகின்றன. முதுகில் ஒட்டுத்தாளில் பேனாவால் எழுதிய எண். சார்ஜ் ஏறும்வரை போனின் சொந்தக்காரர் பக்கத்தில் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வடக்கே கானோவிலிருந்து வந்தவரும் தெற்கே கலபாரிலிருந்து வந்தவரும் அந்த பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறார்கள், கால்பந்து பற்றி. புகைப்படக்காரர்கள் கேட்காமலே படம் எடுத்து, பிரிண்ட் போட்டுப் பலகையில் குத்திவைப்பார்கள். உங்கள் முகத்தை நீங்களே தேடிக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

[காட்சி: பேருந்துகள், கையில் கடிதங்கள்.]

கடைசி நாள் கொண்டாட்டம் இல்லை, பதற்றம். பணியிடக் கடிதம் அன்றுதான் கையில் வரும். நிறையப் பேருக்குக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் வேலை, நீங்கள் பொறியியல் படித்திருந்தாலும் சரி. சில நிறுவனங்கள் "இடமில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும், மறுபடி அலைச்சல். மாத உதவித்தொகை 2020-லிருந்து 33,000 நைரா. 2025-லிருந்து 77,000 ஆனது. விலைவாசி அதற்குள் எங்கோ போய்விட்டது.

பெற்றோரின் பயம் வேறு. 2011 தேர்தல் கலவரத்தில், பாவுச்சி மாநிலத்தில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போன பத்து கார்ப்பர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு லாகோஸ், அபுஜா என்று இடம் கேட்டு ஆளைப் பிடிப்பது அதிகமானதில் ஆச்சரியமில்லை. திட்டத்தையே கைவிடலாம் என்ற குரல் நாடாளுமன்றம் வரை போய்விட்டது. திருமணமான பெண்கள் கணவர் இருக்கும் மாநிலத்துக்கும், நோயாளிகள் சிகிச்சை வசதி உள்ள ஊருக்கும் மாற்றல் கேட்கலாம். முகாம் முடியும் வாரத்தில் மிக நீளமான வரிசை அந்த விண்ணப்ப மேசையின் முன்னால்தான்.