பாதாள பைரவியின் பேரேடு

(காரைக்குடியில் ஒரு திரையிடலுக்கு முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எழுபது வயதுவரை மாயாஜாலப் படம் ஒன்றைக்கூட முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு, 1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’ எப்படி நெஞ்சுக்கு நெருக்கமான படமாயிற்று என்பதைச் சொல்வதற்கே இந்த மேடையில் நிற்கிறேன்.

காரணத்தை என் அப்பச்சியிடமிருந்துதான், அதாவது என் தகப்பனாரிடமிருந்துதான், தொடங்க வேண்டும். அவர் சிறு வயதிலேயே பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருளீட்ட, போனவர். ஒரு வட்டிக்கடையில் கடைநிலை வேலைக்காரனான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, முதலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து, பின்பு சொந்தமாகக் கடை வைத்தார். அந்தக் காலத்தில் நம்மவர்கள் அங்கே எந்த அளவுக்கு வேரூன்றியிருந்தார்கள் என்றால், 1930களின் பிற்பகுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கடனுக்கு ஈடாக வந்து, செட்டியார்களின் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை உள்ளே நுழைந்ததும் அவ்வளவும் போயிற்று. அப்பச்சி காட்டுவழியே நடந்து திரும்பினார். அவர் கொண்டுவந்த ஒரே பொருள் துணியில் சுற்றிய பேரேடு, கடையின் கணக்குப் புத்தகம். அப்படித் திரும்பியவர், விரும்பியதையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் தருகிற பதுமையைப் பற்றிய படத்துக்குத் தம் பிள்ளையை அனுப்புவாரா? “பாடுபடாமல் பொன் வருகிற கதையைப் பார்க்கிற பிள்ளைக்குக் கணக்குத் தங்காது” என்பார். அந்தச் சொல்லை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஊருக்குப் புறத்தே டூரிங் டாக்கீஸில் சமூகப் படங்களைப் பார்த்தேன். திரையில் புகை எழும்பி யாராவது மறைந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாத மாலை. என் மனைவி மூட்டு அறுவை முடிந்து வீட்டோடு இருந்த நேரம். வீட்டின் இரண்டாங்கட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்த பனையோலையை எடுத்துக் கொட்டான் என்னும் சிறு கூடை முடைந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ‘பாதாள பைரவி’ ஓடிக்கொண்டிருந்தது. சிறு வயதில் பள்ளத்தூரில் அந்தப் படத்தை அவர் மூன்று முறை பார்த்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மழை வலுத்திருந்ததால் வெளியே போக வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். ஓலை முடைகிறவர்களுக்குத் தெரியும், ஈரம் காய்ந்தால் ஓலை ஒடிந்துவிடும். படம் முடிந்து பார்த்தபோது அவர் மடியில் பாதி முடைந்த கொட்டானின் இழைகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. அவர் முடைவதை எப்போது நிறுத்தினார் என்பதைப் பக்கத்திலேயே இருந்த நானும் கவனிக்கவில்லை.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்தின் தயாரிப்பு. தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. இயக்கியவர் கே.வி.ரெட்டி, கதை பிங்கலி நாகேந்திர ராவ், ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி, இசை கண்டசாலா. தோட்டக்காரியின் மகன் ராமன், உஜ்ஜயினி இளவரசியை விரும்புகிறான். செல்வத்தோடு வந்தால் பெண் தருவதாக அரசன் சொல்கிறான். ராமனாக என்.டி.ராமராவ், நேபாள மந்திரவாதியாக எஸ்.வி.ரங்காராவ். படம் வெளிவந்தபோது ரங்காராவுக்கு வயது 32தான். அந்தக் கண்ணையும் நடையையும் பார்க்கிற யாரும் நூறு வயதுக்கு மேல் தவம் கிடந்த ஒருவனைத்தான் காண்பார்கள்.

இனிச் சொல்லப்போவது என்னைப் பிடித்து நிறுத்திய இடம். மந்திரவாதிக்குப் பதுமை வேண்டும். அதைப் பெற, துணிவும் அறிவும் ஒருங்கே உள்ள இளைஞன் ஒருவனைப் பாதாள பைரவிக்குப் பலி கொடுக்க வேண்டும். இது வரத்தின் நிபந்தனை. கணக்கு வாத்தியாராகிய நான் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துணிவும் அறிவும் உள்ளவன் என்றால் யார்? தன்னைப் பலி கொடுக்க வந்தவனையே வெல்லக்கூடியவன். மந்திரவாதி எவனைத் தேடி அலைகிறானோ, அவனே தன் அழிவாக வந்து சேர்வான் என்பது அந்த நிபந்தனைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. பலிபீடத்தில் நடப்பதும் அதுதான்: பலியாக வந்த ராமன் மந்திரவாதியையே பலி கொடுத்துப் பதுமையைப் பெறுகிறான். பாடுபடாமல் பொன் வருகிற கதை என்று இத்தனை காலம் நான் ஒதுக்கிவைத்திருந்த படத்தில், ஒவ்வொரு வரவுக்கும் எதிரே பற்று கண்டிப்பாக எழுதப்பட்டிருந்தது.

1939இல் சா.கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தால் காரைக்குடி கம்பனின் ஊர் ஆயிற்று. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் சேர்த்துப் பாடியதை நாம் எத்தனை முறை கேட்டு உருகியிருக்கிறோம்! உள்ளே இறவேன், வெளியே இறவேன், பகலில் இறவேன், இரவில் இறவேன் என்று இரணியன் அடுக்கிக்கொண்டே போய் எழுதாமல் விட்டது வாசற்படியையும் அந்திப் பொழுதையும் மட்டுமே. அங்கே தூணிலிருந்து சிங்கம் எப்படி வந்தது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. நான் ஆண்டுதோறும் கண்ணீரோடு கேட்டு மகிழ்ந்த அதே கணக்கைத்தான் விஜயாவின் படமும் போட்டது. கம்பனுக்குக் கொடுத்த செவியை அதற்கும் கொடுக்க எனக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மதிப்பு ஏற்பட்டது அந்த இடத்தில். அன்பு பிறந்தது அதன் பிறகு. பதுமை ராமனுக்கு மாளிகை தருகிறது, செல்வம் தருகிறது. ஆனால் மந்திரவாதியின் சீடன் அவனுக்கு மீண்டும் உயிர் கொடுக்கிறான். பதுமை களவு போகிறது. மாளிகை, செல்வம், இளவரசி எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. திரையில் ராமன் எல்லாம் இழந்து நின்றபோது நான் என் அப்பச்சியைப் பார்த்தேன். 1942இல் அவரும் அப்படித்தான் நின்றிருப்பார். ராமனிடம் மிஞ்சியது மந்திரவாதி முதலில் தேடிவந்த அந்த இரண்டு மட்டுமே, துணிவும் அறிவும். பதுமை தந்தது வரவு, அது வந்த வழியே போயிற்று. இவை இரண்டும் முதல். அந்த முதலை வைத்துத்தான் ராமன் இளவரசியைத் தேடிப் புறப்படுகிறான். அப்பச்சியும் ஊர் வந்து சேர்ந்த பிறகு அதே முதலை வைத்துத்தான் ஒரு சின்னத் துணிக்கடை தொடங்கி எங்களைப் படிக்க வைத்தார். அவர் இந்தப் படத்தைப் பார்க்காமலே போய்விட்டார் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நம் வீட்டுக் கதை அப்பச்சி, வந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேன்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாயங்களைச் செய்யக் கணினி இல்லை. கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மற்றவர்கள் இம்மியும் அசையாமல் நிற்க, மறுபடி ஓட்டினால் ஆள் மறைவார். ஒரே பிலிமை இருமுறை ஒளிபடச் செய்தால் உருவத்துக்குள் உருவம் தெரியும். மாயப்படம் நம் ஊருக்கும் புதிதல்ல. இதே காரைக்குடியில், தேவகோட்டை சாலையில், ஏ.வி.எம். நிறுவனர் ஏ.வி.மெய்யப்பன் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்து 1947இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ‘வேதாள உலகம்’ என்ற மாயப்படமாகத் தாமே இயக்கினார். கணக்கில் கெட்டிக்காரர்களின் ஊர் என்று பெயரெடுத்த மண்ணில் பிறந்தவருக்கு மாயத்தின் மீது அத்தனை ஈடுபாடு இருந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

மந்திரவாதியின் ஆற்றல் முழுவதும் அவன் தாடியில் இருக்கிறது. அதை எப்படி மழிக்க வைக்கிறார்கள் என்பதை நான் சொல்லமாட்டேன், திரையில் பாருங்கள்.

அப்பச்சியின் பேரேடு இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வரவும் பற்றும் எழுதியபடி நிற்கின்றன, கணக்கை முடித்து நிலுவை காட்டும் ஐந்தொகை போடவில்லை. அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பின்னால் தூணுக்கு மறைவில் இருப்பவர்கள் முன்னால் வந்து அமருங்கள். முன்வரிசையில் என் மனைவி இருக்கிறார். இன்று அவர் ஓலை கொண்டுவரவில்லை. விளக்கை அணைக்கலாம்.