மார்ச் மாதமே சீசன் முடிந்துவிட்டதா? மில்வாக்கி ரசிகர்களின் முதல் வாரம்

[திரையில்: யாங்கி ஸ்டேடியம், நியூயார்க். 2025 மார்ச் 29]

பேஸ்பால் ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் அடிக்கிறது, மில்வாக்கி ப்ரூவர்ஸ் வீசுகிறது. முதல் பந்து, பால் கோல்ட்ஷ்மிட், ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்து எல்லையைத் தாண்டிப் போவது. அடுத்த பந்து, கோடி பெலிஞ்சர், ஹோம் ரன். மூன்றாவது பந்தைச் சந்திக்க ஆரன் ஜட்ஜ் வருகிறார், அதுவும் கூட்டத்துக்குள் போய் விழுகிறது. மில்வாக்கி ப்ரூவர்ஸுக்காக முதல்முறை களமிறங்கிய நெஸ்டர் கோர்டெஸ் வீசியது மூன்றே பந்து, ஸ்கோர் 3-0. இதில் இன்னொரு கொடுமை, முந்தின சீசன் வரை அவர் ஆடியதே இந்த யாங்கீஸுக்குத்தான்.

அன்றைக்கு யாங்கீஸ் 9 ஹோம் ரன் அடித்தது. ஒரே ஆட்டத்தில் அந்த அணி இதற்கு முன் இத்தனை அடித்ததே இல்லை, அதுவும் அந்தக் கால ஹோம் ரன் மன்னன் பேப் ரூத் ஆடிய அணி அது. முடிவு 20-9.

சீசனின் இரண்டாவது ஆட்டம்தான் இது. முதல் ஆட்டம் 4-2 தோல்வி, மூன்றாவது 12-3 தோல்வி. சரி, சொந்த ஊருக்குப் போனால் நிலைமை மாறும் என்று பார்த்தால், மார்ச் 31 அன்று மில்வாக்கியில் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் வந்து 11-1 என்று அடித்துவிட்டுப் போனது. அந்த நாளே ஏற்கெனவே மனசு கனத்த நாள். 1971 முதல் இந்த அணியின் ஆட்டங்களை வானொலியில் வர்ணனை செய்துவந்த பாப் யூக்கர் அந்த ஜனவரியில்தான் 90 வயதில் இறந்திருந்தார். அவர் இல்லாமல் தொடங்கும் முதல் சீசன், உள்ளூரில் முதல் ஆட்டம், அதில் இப்படி ஒரு அடி.

[திரையில்: 4 ஆட்டம், 4 தோல்வி, எதிரணிகள் எடுத்தது 47 ரன்]

பேஸ்பாலில் 47 ரன் என்றால் நம் கிரிக்கெட் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக நாலு, நாலரை ரன் எடுக்கும் விளையாட்டு இது. நாலு ஆட்டத்தில் 47 விட்டுக்கொடுப்பது என்பது பந்துவீச்சு அப்படியே சரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாதிரி ஒரு வாரத்தில் ரசிகர்கள் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டம் மார்ச்சிலேயே "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று கடையைக் கட்டும், இன்னொரு கூட்டம் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, மாற்றச் சொல்லும், மூன்றாவதாக ஒரு கூட்டம் "இன்னும் 158 ஆட்டம் இருக்கு, அதையெல்லாம் ஜெயிச்சுட்டா போச்சு" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஜோக் அடிக்கும். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது கூட்டம்தான்.

ஜெயித்தவர்கள் பக்கமும் அதே பைத்தியம்தான், கையில் கால்குலேட்டர் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜட்ஜ் முதல் மூன்று ஆட்டத்தில் 4 ஹோம் ரன் அடித்தார். இதே வேகத்தில் போனால் 162 ஆட்டத்தில் 216 வரும், ஒரு சீசனில் ஒருவர் அடித்த அதிகபட்சமோ 2001-ல் பாரி பாண்ட்ஸ் அடித்த 73. இந்தக் கணக்கு அபத்தம் என்று போடுகிறவர்களுக்கும் தெரியும், இருந்தும் எல்லா வருஷமும் போடுவார்கள். கூடவே யாங்கீஸ் வீரர்கள் சிலர் பிடித்திருந்த 'டார்பிடோ பேட்' பற்றிய பேச்சும் கிளம்பியது. வழக்கமான பேட்டில் நுனிப் பக்கம் பருமனாக இருக்கும் மரத்தைக் கொஞ்சம் கைப்பிடிப் பக்கமாக நகர்த்தி, அந்த பேட்டர் எங்கே வைத்து அதிகம் அடிக்கிறாரோ அந்த இடத்தைத் தடிமனாக்குவது, இதுதான் அதன் யோசனை. இதற்குப் பின்னால் இருந்தவர் ஆரன் லீன்ஹார்ட், இயற்பியல் படித்தவர். விதிப்படி பேட்டின் விட்டம் 2.61 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, இது தாண்டவில்லை, அதனால் செல்லும். ஆனாலும் ஏதோ ஏமாற்று வேலை நடந்த மாதிரி நாடே பேசியது. அன்றைக்கு 3 ஹோம் ரன் அடித்த ஜட்ஜ் கையில் இருந்தது சாதாரண பேட் என்பது அந்தச் சத்தத்தில் பலருக்குக் காதிலேயே விழவில்லை.

[திரையில்: 17, 14, 162]

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலம் அமெரிக்கக் கால்பந்தில் க்ரீன் பே பேக்கர்ஸின் கோட்டை. அங்கே சீசனுக்கு 17 ஆட்டம்தான், முதல் நாலும் போனால் உண்மையிலேயே சங்குதான். ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம், அங்கேயும் அதே கதை. பேஸ்பாலில் 162. நாலு ஆட்டம் என்பது சீசனில் இரண்டரை சதவீதம். நல்ல அணியே வருஷத்துக்கு 60 தோல்விக்கு மேல் வாங்கும், அதில் வரிசையாக நாலு தோற்பது ஜூலையில் நடந்தால் யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. முதல் வாரத்தில் நடந்தால் மட்டும் பட்டியலில் வேறு எதுவுமே இல்லாததால் அது மட்டும்தான் கண்ணில் படும்.

இந்தப் பாடத்தை மில்வாக்கி ஏற்கெனவே எதிர்ப்பக்கத்திலிருந்து படித்த ஊர். 1987-ல் இதே ப்ரூவர்ஸ் முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. ப்ரூவர்ஸ் தொடர்ந்து 12 ஆட்டம் ஜெயித்தால் இலவச ஹாம்பர்கர் என்று ஜார்ஜ் வெப் என்ற உள்ளூர் உணவகம் வெகுகாலமாகச் சொல்லிவந்தது, நடக்காது என்ற தைரியம்தான். ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு, பன்னிரண்டாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் ப்ரூவர்ஸ் 4-1 என்று பின்தங்கி நிற்கிறது. ராப் டியர் ஹோம் ரன் அடித்து, ஏற்கெனவே பேஸில் நின்ற இருவரோடு சேர்த்து மூன்று ரன் எடுத்து சமன் செய்கிறார், அப்புறம் டேல் ஸ்வேம் இன்னொன்று அடித்து, பேஸில் நின்ற ஒருவரோடு சேர்த்து 6-4. கடைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி 1,68,194 பர்கர் கொடுத்தார்கள்.

ஊரே அக்டோபரில் நடக்கும் பிளேஆஃபுக்குத் திட்டம் போட்ட நேரத்தில் மே மாதம் அதே அணி வரிசையாக 12 ஆட்டம் தோற்றது. சீசன் முடிவில் 91 வெற்றி, 71 தோல்வி, பிரிவில் மூன்றாவது இடம். அந்தக் காலத்தில் பிரிவில் முதலாவதாக வருகிற அணிக்கு மட்டும்தான் பிளேஆஃப், ஆக 13-0 என்ற தொடக்கம் வயிற்றுக்கு பர்கராக மட்டும் மிஞ்சியது.

[திரையில்: 2025 சீசன் இறுதிப் பட்டியல்]

இப்போது 0-4-க்குத் திரும்புவோம். மே கடைசி வாரம் வரையிலும் ப்ரூவர்ஸ் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது, உடனே விஸ்வரூபம் எடுத்துவிடவில்லை. அப்புறம்தான் ஓட ஆரம்பித்தது. ஆகஸ்டில் தொடர்ந்து 14 வெற்றி, 1987 சாதனை உடைந்தது, ஜார்ஜ் வெப்பும் மறுபடி பர்கர் கொடுத்தது. முடிவில் 97 வெற்றி, 65 தோல்வி, மொத்த 30 அணிகளில் அதுதான் அதிகம். முதல் மூன்று ஆட்டத்தில் இவர்களைத் துவைத்து எடுத்த யாங்கீஸுக்கு 94.

அப்படியானால் மார்ச்சில் புலம்பியவர்கள் முட்டாள்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீசுவதற்கு உருப்படியான பிட்சர் போதவில்லை என்பதுதான் அவர்களின் புலம்பல், அது உண்மை. முக்கியமான பிட்சர் பிராண்டன் உட்ரஃப் தோள்பட்டை அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஜூலையில்தான் திரும்பினார், வேறு சிலரும் காயத்தில் இருந்தார்கள். நிர்வாகத்துக்கும் அதே கவலை இருந்திருக்கிறது, ஏப்ரல் 7 அன்றே பாஸ்டன் அணியிடமிருந்து க்வின் ப்ரீஸ்டர் என்ற இளம் பிட்சரை வாங்கிப் போட்டார்கள். பேஸ்பாலில் பிட்சர் பெயரிலும் வெற்றி தோல்வி எழுதுவார்கள், அவர் கணக்கில் அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. ரசிகர்கள் நோயைச் சரியாகத்தான் சொன்னார்கள், ஆயுளைத்தான் தப்பாகக் கணித்தார்கள்.

யாங்கீஸ் பக்கமும் அப்படித்தான். முதல் வாரம் காட்டிய அடி பொய்யில்லை, அந்த வருஷம் 274 ஹோம் ரன்னோடு மற்ற எல்லா அணியையும்விட அதிகம் அடித்தது அவர்கள்தான். 216 என்று கணக்குப் போடப்பட்ட ஜட்ஜ் 53 அடித்தார், 30 அணிகளும் பிரிந்து ஆடும் இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் வாங்கினார்.

அதனால் முதல் வாரம் பார்க்கும்போது ஸ்கோரை விட்டுவிட்டு, பந்தின் வேகத்தைப் பாருங்கள். போன வருஷம் மணிக்கு 97 மைலில் வீசியவர் இப்போது 94-ல் வீசினால் அது கவலைப்பட வேண்டிய விஷயம், அவர் அன்றைக்கு ஜெயித்திருந்தாலும். காயப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், இறுக்கமான கடைசி இன்னிங்ஸில் மேனேஜர் யாரை நம்பி அனுப்புகிறார், இதெல்லாம் நாலு நாளிலேயே தெரிந்துவிடும். பேட்டிங் சராசரியை மட்டும் ஜூன் வரை தொடாதீர்கள்.

அக்டோபர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த சீசனில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு ஆடிய 6 ஆட்டத்தையும் ப்ரூவர்ஸ் ஜெயித்திருந்தது. ப்ரூவர்ஸ் இருக்கும் இன்னொரு லீக்கான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரில் அதே டாட்ஜர்ஸ் எதிரே வந்தது. 4-0, டாட்ஜர்ஸுக்கு.