பலருக்குத் தெரிந்த கொலை: பெல்ஃபாஸ்ட்டின் ஜீன் மெக்கான்வில் வழக்கு

[திரையில்: பெல்ஃபாஸ்ட் வரைபடம். மேற்கே டிவிஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு.]

வணக்கம். துப்பறியும் கதை என்றாலே ‘கொன்றது யார்’ என்றுதான் தேடுவோம். தருமபுரியில் உட்கார்ந்து இந்த வழக்கைப் படிக்கப் படிக்க, எனக்கு வேறு கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது: இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம் ஏன் கோர்ட்டுக்கு வந்து சேரவே இல்லை?

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். பெல்ஃபாஸ்ட், பிரிட்டனின் ஆட்சியிலுள்ள வட அயர்லாந்தின் தலைநகரம். 1960-களின் கடைசியிலிருந்து 1998 வரை அங்கே நடந்த மோதலில் ஏறத்தாழ 3,500 பேர் செத்தார்கள். பிரிட்டனோடு இருக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். அயர்லாந்தோடு சேர நினைத்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1969-லிருந்து பெல்ஃபாஸ்ட் தெருக்களுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். பல சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

ஜீன் பிறப்பால் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்து மதம் மாறியவர். கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் வாழ விடாமல் விரட்டவே, குடும்பம் மேற்கே கத்தோலிக்கர் பகுதியான டிவிஸுக்கு வந்தது. 1972 ஜனவரியில் கணவர் புற்றுநோயால் இறந்தார். 10 பிள்ளைகள்.

அந்த டிசம்பரில் ஆணும் பெண்ணுமாக ஒரு கும்பல் வீட்டுக்குள் நுழைந்தது. சிலர் முகத்தைக்கூட மறைக்கவில்லை. அவர்களில் அக்கம்பக்கத்தவர்களும் இருந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிள்ளைகளின் கண்ணெதிரே அம்மாவை இழுத்துப் போனார்கள். சில நாள் கழித்து அவருடைய பர்ஸும் மோதிரங்களும் மட்டும் வீடு தேடி வந்தன. பிள்ளைகளை வெவ்வேறு காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

[திரையில்: காலியான மாடி நடைபாதை.]

போலீஸ்? 20 ஆண்டுகளுக்கு மேல் முறையான விசாரணையே நடக்கவில்லை. 2006-இல் காவல்துறைக் குறைதீர்ப்பாளரின் அறிக்கையே இதைச் சொன்னது. ஜீன் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உளவு சொன்னார் என்பது ஐ.ஆர்.ஏ.வின் (அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திப் போராடிய அமைப்பு) குற்றச்சாட்டு. அதற்கும் ஆதாரம் இல்லை என்றது அதே அறிக்கை.

அக்கம்பக்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று நம் மாவட்டத்துக்காரர்கள் ரொம்ப ஆச்சரியப்பட மாட்டோம். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகளில், சாதி வன்முறையில், 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சாட்சி சொல்லிவிட்டு மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி, அதே சந்தைக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, வழக்குக்கு வருவோம். கொன்றது தாங்கள்தான் என்று 1999-இல் ஐ.ஆர்.ஏ. ஒத்துக்கொண்டது. அதே ஆண்டு பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து, காணாமல் போனவர்களின் உடல்களைத் தேட ஓர் ஆணையம் அமைத்தன. அங்கே சொல்லும் தகவலைக் கோர்ட்டில் பயன்படுத்த முடியாது. தண்டனை போனாலும் போகட்டும், எலும்பாவது கிடைக்கட்டும் என்ற கணக்கு. கேட்கவே மனசு கசக்கிறது, ஆனால் நான் அதைச் சரி என்றே சொல்வேன்.

எல்லைக்கு அப்பால், அயர்லாந்தின் லவுத் கவுண்டியில் ஒரு கடற்கரையைத் தோண்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 2003 ஆகஸ்டில், பக்கத்திலேயே ஷெல்லிங் ஹில் கடற்கரையில் நடந்துபோன ஒருவர் தற்செயலாக எலும்புகளைக் கண்டார். தலையின் பின்பக்கம் சுட்டிருந்தார்கள். துணியில் ஒரு நீல ஊக்கு இருந்தது. நம் அம்மாக்கள் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருப்பார்களே, அதுபோல ஜீன் எப்போதும் உடையில் குத்தியிருந்த, குழந்தைத் துணிக்கான ஊக்கு. பிள்ளைகளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உடல் ஆணையத்துக்கு வந்த தகவலால் கிடைக்கவில்லை என்பதால், அந்தச் சட்டப் பாதுகாப்பு இங்கே பொருந்தவில்லை. வழக்கு உயிரோடு இருந்தது. அப்புறம் வந்தன அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியின் ஒலிநாடாக்கள். நாங்கள் சாகும்வரை வெளியிடக் கூடாது என்ற உறுதியின்மேல் முன்னாள் ஆயுதக்காரர்கள் பேசிய பேட்டிகள் அவை. அமெரிக்க நீதிமன்றங்கள் வழியாகப் போலீஸ் சிலவற்றைப் பெற்றது. 2014-இல், ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புடைய அரசியல் கட்சியான ஷின் ஃபேனின் அப்போதைய தலைவர் ஜெர்ரி ஆடம்ஸைக் கைது செய்து நான்கு நாள் விசாரித்து, குற்றச்சாட்டு இல்லாமல் விட்டார்கள். தனக்குச் சம்பந்தமில்லை என்பதே அவர் பதில். 2019-இல், ஜீனைக் கொல்லத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் ஐ.ஆர்.ஏ. தலைவர் ஐவர் பெல்லின் வழக்கில், நாடாவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார் நீதிபதி. பெல்மீது குற்றம் நிரூபணமாகவில்லை. கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அம்மாவை இழுத்துப்போனபோது 11 வயதாயிருந்த மகன் 2014-இல் பி.பி.சி.யிடம் பேசினார். வந்தவர்கள் யார் என்று தனக்குத் தெரியும், ஆனால் போலீஸிடம் சொல்லமாட்டேன், சொன்னால் தன்னையோ குடும்பத்தையோ சுட்டுவிடுவார்கள் என்றார். மோதலை முடித்த 1998 சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.