விரலுக்கு அகப்படாத சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் கைபேசி இருக்கிறவர்கள், கேட்டுக்கொண்டே ஒரு காரியம் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல்லின் பின்னணி நிறம் மாறும். நகலெடுக்கலாம், தேடலாம், பொருள் பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள், அவசரமில்லை.

அந்தச் சொல் உங்கள் விரலுக்கு அகப்பட்டதற்குக் காரணம், அது சொல்லாகவே உங்களிடம் வந்து சேர்ந்ததுதான். படமாக வரவில்லை, பூட்டிய பெட்டிக்குள்ளும் வரவில்லை. இணையப் பக்கம் செய்வதைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்த ஒரு விஷயத்தைவிடப் பெரியதாக எதுவும் தோன்றியதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் அந்தப் பூட்டிய பெட்டியை, அதாவது செருகுநிரல் (பிளக்-இன்) என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கத்தைப் படித்து நமக்குக் காட்டுவது உலாவி. 1990-களின் நடுவில் அதற்குத் தெரிந்த வேலைகள் கொஞ்சம்தான். எழுத்தைக் காட்டும், படத்தைக் காட்டும், இணைப்பைத் தொட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகும். ஒலி, ஒளி, அசையும் படம் எதுவும் அதற்குச் சரியாக வராது. அதனால் பக்கத்தின் நடுவில் ஒரு செவ்வக இடத்தை ஒதுக்கி, வேறொரு நிறுவனத்தின் மென்பொருளிடம் ஒப்படைக்க வழி செய்தார்கள். அந்த மென்பொருள்தான் செருகுநிரல். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டுச் சாவியையும் கொடுத்துவிடுவது போல. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அங்கே எழுதியிருப்பதை உலாவியால் படிக்க முடியாது. பக்கத்தில் தேடினால் அகப்படாது.

அப்படிக் குடிவந்தவற்றில் பெரியது ஃபிளாஷ். 1996-ல் ஒரு சிறு நிறுவனம் வேறு பெயரில் வெளியிட்டது. அதே ஆண்டு இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கிப் பெயரை மாற்றியது. 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது. ஃபிளாஷ் நல்ல கருவி. இதைத் தயங்காமல் சொல்கிறேன். நிரல் எழுதத் தெரியாத ஓவியர்கள் அதில் கதை சொன்னார்கள், விளையாட்டுச் செய்தார்கள். 2005-ல் யூடியூப் தொடங்கியபோது காணொளியைக் காட்ட அதைத்தான் நம்பியது. அதற்கு முன்பு ஒரே காணொளியை ஒவ்வொரு கணினியிலும் ஓடவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

திறந்த தரநிலையின், அதாவது எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லாமல் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய பொது விதிகளின், பக்கம் நிற்பவன் நான். ஆனால் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். இணையப் பக்கங்களை எழுதும் திறந்த மொழியான எச்டிஎம்எல்லின் 4.01 பதிப்பு வந்தது 1999 டிசம்பரில். எச்டிஎம்எல் 5 இறுதித் தரநிலையாக வெளியானது 2014 அக்டோபரில். நடுவில் ஏறக்குறைய 15 ஆண்டுகள்! காணொளியைப் பக்கத்தில் வைக்க ஒரு சாதாரணக் குறிச்சொல்கூட வெகுகாலம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் செருகுநிரல் வளர்ந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தேவை இருந்தது, செய்து கொடுத்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு பள்ளிக்காக ஒரு பாடம் செய்தேன். மனித இதயம் எப்படி இயங்குகிறது என்பது பாடம். ஒரு செருகுநிரலில் ஓடும்படி செய்தேன். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். திரையில் நான்கு அறைகளோடு இதயம் துடிக்கும். மவுஸை இடது கீழறைக்கு மேல் கொண்டுபோனால் பக்கத்தில் அதன் பெயர் தோன்றும். வால்வுக்கு மேல் நிறுத்தினால் துடிப்பு மெதுவாகி, வால்வின் இதழ்கள் திறந்து மூடுவது தெரியும். அந்த இதழ் அசைவை மட்டும் பதினோரு முறை திருத்தினேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குப் போனேன். ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த தொடுபலகைக் கணினியில் பாடத்தைத் திறந்தாள். இதயம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம். அந்தக் கணினி செருகுநிரல் எதையும் ஏற்காத வகை. சரி, ஏற்கிற கைபேசி ஒன்று ஆசிரியரிடம் இருந்தது, அதில் திறந்தோம். இதயம் துடித்தது. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! மாணவி இடது கீழறையின்மேல் விரலை வைத்தாள். பெயர் ஒரு கணம் மின்னி மறைந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி மின்னி மறைந்தது. வால்வைத் தொட்டால் அவளுடைய விரலே வால்வை முழுதாக மறைத்துவிட்டது. எழுத்துக்களோ மேசைக் கணினித் திரைக்காக வைத்த அளவு, கைபேசியில் எறும்பு போல ஊர்ந்தன. கொஞ்ச நேரத்தில் கைபேசியின் முதுகு சூடேறியது. அவள் நிமிர்ந்து, "பெயர் நிற்கவே மாட்டேன் என்கிறதே, சார்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். மவுஸ் ஒரு பொருளின்மேல் சும்மா நிற்கும், அழுத்தாமலே நிற்கும். விரலுக்கு அந்த நிலையே கிடையாது. தொட்டால் தொட்டது, எடுத்தால் எடுத்தது. நான் கட்டிய பாடம் முழுவதும் அந்த "சும்மா நிற்பதன்" மேல் நின்றது. ஆகவே செருகுநிரல் கைபேசியில் வருமா வராதா என்று உலகமே சண்டை போட்டபோது, வந்தாலும் என் பாடம் பிழைத்திருக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு குறையை மட்டும் எந்த நிறுவனத்தாலும் வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது, நான்தான் திருத்தி எழுத வேண்டும்.

எழுதலாம் என்றால் மூலக் கோப்பைத் திறக்கும் மென்பொருளின் உரிமம் காலாவதியாகியிருந்தது. என் கையால் வரைந்த இதயம் என் கணினியிலேயே இருக்கிறது, எனக்கே திறக்க வழியில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தேன். படத்தை எஸ்விஜி என்ற திறந்த பட வடிவில், கோடுகளாகவே வரைந்தேன், பெயர்களை எழுத்தாகவே வைத்தேன். தொட்டால் பெயர் வரும், மறுபடி தொடும்வரை நிற்கும்.

அதை வெளியிட்ட வாரத்தில் ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவருக்குப் பார்வை இல்லை. கைபேசியில் எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளின் உதவியோடு பாடம் நடத்துபவர். "இடது கீழறை என்று வாசிக்கிறது, சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்குப் பேச்சு வரவில்லை. அதே பாடம் அந்தத் தளத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. பூட்டிய அறையாயிற்றே, அவருடைய மென்பொருளுக்கு உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. பார்வையுள்ள நான் அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை யோசிக்கவில்லை.

என் கதையே நீண்டுவிட்டது. பொது வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதில் ஃபிளாஷ் இல்லை. 2010 ஏப்ரல் 29 அன்று, ஐபோனைச் செய்த ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வெளிப்படையான கடிதம் எழுதி, ஏன் இல்லை என்று காரணங்களை அடுக்கினார். பாதுகாப்பு, நம்பகத்தன்மை, தொடுதிரைக்குப் பொருந்தாமை, பேட்டரி. இதில் பேட்டரிக் கணக்கு எல்லாருக்கும் விளங்கக்கூடியது. சுருக்கி அனுப்பப்படும் காணொளியை விரித்துக் காட்டுவதற்கென்றே கைபேசிக்குள் தனியாக வன்பொருள் இருக்கிறது. அந்த வழியில் ஓடினால் ஐபோனில் 10 மணி நேரம்வரை பார்க்கலாம், மென்பொருளை வைத்தே விரித்தால் 5 மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும் என்று எழுதினார். மேசைக் கணினியில் யாரும் இதைக் கவனிக்கவில்லை, சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறதே!

அடோபி தளரவில்லை. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு ஃபிளாஷ் 10.1-ஐக் கொண்டுவந்தது. எது ஓட வேண்டும் என்பதைக் கைபேசி வாங்கியவர்தான் தீர்மானிக்க வேண்டும், விற்பவர் அல்ல என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு நான் இன்றும் மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் 2011 நவம்பரில் கைபேசி உலாவிகளுக்கான ஃபிளாஷை இனி வளர்க்கப் போவதில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் கணினியிலும் ஆதரவு நின்றது.

நின்றபோது எத்தனை பேருடைய உழைப்பு அதற்குள் இருந்தது! விளையாட்டுகள், குறும்படங்கள், பாடங்கள். செய்தவர்கள் பலர் தனியாட்கள், மாணவர்கள். நிறுவனத்தின் முடிவு ஒன்று, இவர்களுடைய படைப்பு எல்லாம் ஒரே நாளில் ஊமை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சொல்லைச் சொல்லாகவும் கோட்டைக் கோடாகவும் பக்கத்தில் வைத்தால், காட்டுவதற்கு இன்னொரு உலாவி எப்போதும் இருக்கும். 1993 ஏப்ரலில், இணைய வலை பிறந்த இடமான செர்ன் இயற்பியல் ஆய்வகம் அந்த வலையின் மென்பொருளை எல்லாருக்கும் பொதுவாக்கியது. அந்தக் காலத்து எளிய பக்கங்களை இன்றைய கைபேசியில் திறந்தால் எழுத்து வருகிறது, அழுத்தினால் விரலுக்கு அகப்படுகிறது.

நல்ல வேளையாக, ரஃபிள் என்ற திறந்த மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதிவருகிறார்கள். பழைய ஃபிளாஷ் படைப்புகளைச் செருகுநிரல் இல்லாமலே உலாவியில் ஓடவைக்கிறது. 2020 நவம்பரில், இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு அதைக் கொண்டு பழைய படைப்புகளை மீட்டுக் காட்டத் தொடங்கியது. தெரிந்தவர்கள் வீட்டில் இப்படிப் பழைய கோப்புகள் கிடந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கடைசியாகப் பேச வைத்திருந்த விஷயம் பெரியது, தலைப்பை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன். திறந்த தரநிலை வென்றதாகச் சொல்கிறோமே, அதற்குள்ளும் பூட்டு வந்துவிட்டது. எச்.264 காணொளி வடிவம் காப்புரிமைக்கு உட்பட்டது. அதனால் ஃபயர்பாக்ஸ் உலாவி அதை வெகுகாலம் ஏற்க மறுத்தது. கூகுள் 2010-ல் வெப்எம் என்ற மாற்று வடிவத்தைத் திறந்துவிட்டது. திறந்த வலையைப் போற்றிக் கடிதம் எழுதிய அதே ஆப்பிள் நிறுவனம், ஐபோனில் மற்ற உலாவிகளையும் தன் எஞ்சினிலேயே, அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் தன் உள் நிரலிலேயே, ஓடச் செய்தது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அங்கே அது தளர்ந்தது. 2017 செப்டம்பரில், வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி, திரைப்படங்களைப் பூட்டிக் காட்டும் முறைக்கு உலாவியில் இடம் கொடுக்கும் தரநிலையை ஏற்றது. அதை எதிர்த்து, இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் அந்த அமைப்பிலிருந்தே விலகியது. அந்தப் பூட்டைத் திறக்கும் சிறு நிரல் ஏதோ ஒரு நிறுவனத்துடையது. உள்ளே என்ன நடக்கிறது என்பது உலாவிக்குத் தெரியாது. மறுபடியும் ஓர் அறை, மறுபடியும் வெளியாள் கையில் சாவி.

இன்னொரு நாள் அழைத்தால் அந்த அறையிலிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.