எடையை இறக்கும்போது தசையை விட்டுவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உடம்பைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலை செய்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்குகிறார்கள். விடிகாலையில் எழுந்து நடக்கிறார்கள். மூன்று மாதத்தில் ஐந்தாறு கிலோ இறங்கியும் விடுகிறது. நல்லதுதான். ஆனால் இறங்கியதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது. அதில் தசையும் உண்டு.

நம்மவர்களுக்கு இது கூடுதல் கவலை. இந்தியர்களுக்குப் பொதுவாகவே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான். சர்க்கரைக்குப் பயந்து எடையைக் குறைக்கிறவர் தசையையும் சேர்த்துக் கரைத்தால் எப்படி?

2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 65 வயது தாண்டிய, உடல் பருமனான 160 பேரை வைத்து ஆறு மாதம் நடத்தியது. உணவுக் கட்டுப்பாட்டோடு நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தவர்கள் ஒரு குழு; எடை தூக்கியவர்கள் ஒரு குழு; இரண்டையும் செய்தவர்கள் இன்னொரு குழு. மூன்று குழுவிலும் எடை சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆனால் கொழுப்பல்லாத எடையைப் பாருங்கள்: நடந்தவர்களுக்கு 5 சதவீதம் போனது, எடை தூக்கியவர்களுக்கு 2 சதவீதம்தான். இரண்டையும் செய்தவர்களுக்கு 3. எழுந்து நடமாடும் திறன் மிக அதிகமாகக் கூடியதும் இவர்களுக்குத்தான். அதனால் நடையை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சியும் வேண்டும் என்கிறேன்.

சரி, ஏற்கெனவே ஜிம்முக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு வருகிறேன். உடம்பை இறக்கும் மாதங்களை நீங்கள் ‘கட்டிங்’ என்கிறீர்கள். கட்டிங் தொடங்கியதும் பலர் தூக்கும் எடையைப் பாதியாக்கி, 25 ரெப்ஸ், 30 ரெப்ஸ், அதாவது நிறுத்தாமல் 25 தடவை, 30 தடவை என்று போகிறார்கள். அப்படிச் செய்தால் கொழுப்பு கரையும் என்று ஜிம்முக்கு ஜிம் ஒரு நம்பிக்கை. கொழுப்பு எவ்வளவு கரையும் என்பதைப் பெரும்பாலும் சாப்பாடுதான் தீர்மானிக்கிறது. எடை தூக்குவது வேறொரு வேலைக்கு: ‘இந்தத் தசை தேவைப்படுகிறது, கை வைக்காதே’ என்று உடம்புக்குச் சொல்வதற்கு.

உங்கள் பயிற்சி நோட்டை எடுங்கள். பாரம் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் ‘60 கிலோ, 5 ரெப்ஸ், 4 செட்’, அதாவது ஐந்தைந்து தடவையாக நான்கு சுற்று என்று இருக்கிறதா? கட்டிங்கில் அது ‘60 கிலோ, 5 ரெப்ஸ், 2 செட்’ ஆகலாம். தப்பே இல்லை. சாப்பாடு குறையும்போது உடம்பு தேறுவதற்கு நேரம் பிடிக்கும், செட்டைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த 60ஐ மட்டும் 30 ஆக்காதீர்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன. பஸ்கி சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகாமல், ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு செய்யுங்கள். தண்டால் முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். அப்புறம் மேஜை, அப்புறம் தரை.

அடுத்தது புரதம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் 40 சதவீதம் சாப்பாட்டைக் குறைத்து, கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2.4 கிராம் சாப்பிட்டவர்களுக்கோ கொழுப்பல்லாத எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியது, கொழுப்பும் அதிகமாகக் கரைந்தது. அவ்வளவு நமக்கு வேண்டாம், 1.6 கிராமைக் குறி வைத்தால் போதும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 112 கிராம்.

நான்கு இட்லி, சாம்பாரில் கிடைப்பது பத்து கிராமைச் சுற்றித்தான். அதோடு இரண்டு முட்டை சேர்த்தால் இன்னொரு 12 கிராம். சைவமா? 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் புரதம் 25 கிராமுக்குக் குறையாது. விலையும் குறைவு, இதை ஏன் பல வீடுகள் பிரியாணியில் மட்டும் போடுகின்றன என்று எனக்கு வருத்தம் உண்டு. மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல் மீன் துண்டும் இரண்டு.

தூக்கத்தையும் குறைக்காதீர்கள். 2010இல் சிகாகோவிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வெளியானது, பத்தே பேர். ஒரே அளவு சாப்பாடுதான், எடை குறைந்ததும் ஏறக்குறைய ஒரே அளவு. படுக்கையில் எட்டரை மணி நேரம் இருந்தபோது இரண்டு வாரத்தில் 1.4 கிலோ கொழுப்பு போனது. ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தபோது 0.6 கிலோதான். மீதி கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போயிருந்தது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மற்றவர்கள் வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் திருப்தியாக இருங்கள். இடுப்பை டேப் வைத்து அளங்கள், பயிற்சி நோட்டைப் பாருங்கள். இடுப்பு குறைந்து, தூக்கும் எடை அப்படியே நின்றால் சரியாகப் போகிறது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கும் எடை சரிந்தால் சாப்பாட்டை அதிகமாக வெட்டிவிட்டீர்கள். மதியம் ஒரு கரண்டி சோறும் ஒரு முட்டையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.